ஒரு கார்டும் நாலு உடம்பும்

"முட்டி வலி அவளுது. படபடப்பு அக்காவுது. பாதம் எரியறது மச்சானுது. முட்டி வலி அவளுது. படபடப்பு..."

டாக்டரம்மாவின் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து மாஸ்டர் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தவர் ஏதோ ஜெபம் என்று நினைத்து மரியாதையாகத் தள்ளி உட்கார்ந்தார்.

மாஸ்டர் என்றால் கட்டிங் மாஸ்டர். ஜன்னல் திரையும் படுக்கை விரிப்பும் தைக்கிற கம்பெனியில் வேலை. ஆள் உயரத்துக்கு அடுக்கி வைத்த துணியைக் கத்தி மிஷினில் கொடுத்து ஒரே மூச்சில் வெட்டுவார். ஒரு நூல் பிசகாது. கை அவ்வளவு சுத்தம். வாய்தான் கொஞ்ச நாளாகச் சுத்தமில்லாமல் போய்விட்டது.

அவருக்குச் சர்க்கரை வியாதி. சர்க்கரை மாதிரி விடாமல் கூடவே வருகிற நோய் உள்ளவர்களுக்கு அந்த ஊரில் ஒரு கார்டு கொடுப்பார்கள். அதைக் காட்டினால் மருந்துக் கடையில் காசு வாங்க மாட்டார்கள். அதுவும் சர்க்கரை மாத்திரைக்கு மட்டுமில்லை, டாக்டர் அவர் பேரில் எழுதுகிற எந்த மருந்துக்கும். இந்த 'எந்த மருந்துக்கும்' என்பதுதான் வினையாகப் போயிற்று.

ஆரம்பித்து வைத்தது மனைவி.

"என்னங்க, எப்படியும் உங்க மாத்திரைக்குப் போறீங்க. முட்டி வலிக்குதுன்னு சொல்லி ஒரு ஆயின்மென்ட் எழுதி வாங்கிட்டு வந்துடுங்களேன்."

"வலிக்கிறது உனக்குத்தானே? நீ போய்ச் சொல்லு."

"நான் போனா ஆயின்மென்டுக்குக் காசு. நீங்க போனா சும்மா. முட்டி யாரோடதா இருந்தா என்ன, ஆயின்மென்ட் ஒண்ணுதானே?"

அடுத்த தடவை அவர் டாக்டரிடம் முட்டியைத் தேய்த்துக் காட்டினார். ஆயின்மென்ட் வந்தது.

அது வந்த வாசனை முன்னறையில் இருந்த அக்காவை எட்டிவிட்டது. அக்கா டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளாமல் தம்பியோடு இருக்கிறாள். அக்காவும் மனைவியும் எதிலும் ஒத்துப்போனதில்லை. ஒருத்தி ஜன்னலைத் திறந்தால் இன்னொருத்தி சாத்துவாள். ஒருத்தி புழுங்குகிறது என்பாள், இன்னொருத்தி அதே நேரத்தில் ஸ்வெட்டரைத் தேடுவாள்.

"பொண்டாட்டி முட்டிக்கு மட்டும் ஓடி ஓடி வாங்கறே. கூடப்பிறந்தவ நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கறது உன் காதுல விழலையா?"

"அக்கா, அதெல்லாம் டாக்டர் நேர்ல பாக்கணும்."

"நேர்லதானே நீ போறே?"

மூன்றாவதாக வந்தவன் மைத்துனன், மனைவியின் தம்பி. லிப்ட் மெக்கானிக். வேலை பக்கத்தில் கிடைத்ததால் இவர்கள் வீட்டோடு தங்கியிருக்கிறான். மாஸ்டர் இனிப்பைத் தொடக் கூடாது என்று ஆனதிலிருந்து அவர் பங்கு கேக்கும் பிஸ்கட்டும் நியாயமாக அவனுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது.

"அத்தான், பாதம் ரெண்டும் நெருப்பா எரியுது. தாகம் வேற. குடம் குடமா குடிக்கிறேன். உங்களுக்குன்னு சொல்லிடுங்க," என்றான், வாயில் பிஸ்கட்டோடு.

டாக்டரம்மா இருந்தது ஊரின் ஒரு கோடி. மருந்துக் கடை மறு கோடி. மாஸ்டர் நடையாய் நடந்தார். இன்றைக்கும் அந்த நடைதான்.

உள்ளே கூப்பிட்டார்கள்.

டாக்டரம்மா கம்ப்யூட்டரைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"முதல்ல முட்டி வலின்னீங்க. போன தடவை எப்பவும் குளிருதுன்னீங்க."

"ஆமா டாக்டர். போர்வையை விட்டு வெளிய வர முடியலை."

"இன்னிக்கு என்ன?"

"இன்னிக்குப் படபடப்பு. உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டுது. ஃபேன் இல்லாம ஒரு நிமிஷம் இருக்க முடியலை."

"போர்வைக்குள்ளயா?"

மாஸ்டர் மனசுக்குள் கணக்குப் போட்டார். போர்வை அவள், ஃபேன் அக்கா.

"ரெண்டும் வேணும் டாக்டர்."

"தூக்கம் எப்படி?"

"எந்நேரமும் தூக்கம்தான்." பிறகு அக்காவின் முகம் ஞாபகம் வந்தது. "ஆனா கண்ணை மூட முடியலை."

"எடை?"

"ஏறிக்கிட்டே போகுது. சட்டையெல்லாம் தொளதொளன்னு ஆயிடுச்சு."

"எடை ஏறினா சட்டை எப்படிங்க தொளதொளன்னு ஆகும்?"

"அதான் டாக்டர் எனக்கும் புரியலை." அதுவரை அவர் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

டாக்டரம்மாவின் முகத்தில் கவலை படர்ந்தது. நல்ல மனுஷி. அவரைப் பார்க்க மாஸ்டருக்கே பாவமாக இருந்தது. ஒன்றைக் குறைத்துவிட்டால் அவர் கொஞ்சம் நிம்மதியாக இருப்பாரே என்று நினைத்து, "முட்டி வலி இப்ப சுத்தமா இல்லை டாக்டர்," என்றார்.

"ஆயின்மென்ட் தடவினதும் போயிடுச்சா?"

"தடவவே இல்லை." தடவியது இவர் இல்லையே. அதனால் வாய் தானாக அப்படிச் சொல்லிவிட்டது.

"தடவாமயே போயிடுச்சா? அப்ப வலி இடம் மாறுது," என்று டாக்டரம்மா இன்னும் பயந்தார். கையோடு ரத்தம் எடுக்கச் சொன்னார்.

சில நாளில் ரத்தப் பரிசோதனையின் முடிவு வந்தது. டாக்டரம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு மாஸ்டரை உற்றுப் பார்த்தார்.

"ஒரு குறையும் இல்லை. சர்க்கரைகூடக் கட்டுக்குள்ளதான் இருக்கு."

"ரொம்ப சந்தோஷம் டாக்டர்."

"என்ன சந்தோஷம்? இவ்வளவு கஷ்டத்தை வச்சுக்கிட்டு ரத்தத்துல ஒண்ணுமே தெரியலைன்னா என்ன அர்த்தம்? எனக்குத் தெரியாத என்னமோ இருக்குன்னு அர்த்தம். உங்களைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பறேன்."

மாஸ்டர் வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னார். மூன்று பேரும் பயந்துபோய், இனிமேல் இந்த வேலையே வேண்டாம் என்பார்கள் என்று எதிர்பார்த்தார்.

"பெரிய ஆஸ்பத்திரியா? அப்ப மருந்தும் பெரிசாத்தான் குடுப்பாங்க," என்றாள் அக்கா. "நான் கை நடுக்கத்தைச் சொல்ல மறந்துட்டேன் பாரு. அதையும் சேத்துக்கோ."

"அக்கா, எனக்குக் கை நடுங்காதே!"

"கத்துக்கோ. இதோ பாரு, இப்படி." அக்கா கையை நீட்டினாள். உண்மையாகவே விரல்கள் நடுங்கின. "நீ செய்யறது டாட்டா காட்டற மாதிரி இருக்கு. மெதுவா, விரல் நுனியில வரணும்."

"அது இருக்கட்டும் அண்ணி," என்று மனைவி குறுக்கே வந்தாள். "என்னங்க, நாற்காலியிலேர்ந்து எழுந்திருக்கும்போது முட்டியைப் பிடிச்சுக்கிட்டு ஒரு 'ஸ்ஸ்' போடணும். எழுந்து காட்டுங்க."

"முட்டி வலி போயிடுச்சுன்னு சொல்லிட்டேனே!"

"யாரைக் கேட்டு சொன்னீங்க? வலிக்கிறது எனக்கு!"

"அத்தான், பாதத்தைத் தரையில வைக்கும்போது சுடற மாதிரி வைங்க," என்றான் மைத்துனன், பிஸ்கட் டின்னில் கையை விட்டபடி.

அன்று மாஸ்டர் வீட்டுக்குள் நடுங்கிக்கொண்டும், ஸ்ஸ் போட்டுக்கொண்டும், குதித்துக்கொண்டும் திரிந்தார். உடம்பு ஒன்று, வாத்தியார் மூன்று பேர்.

பெரிய ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் தனியாக இல்லை. அவரைச் சுற்றி வெள்ளைக் கோட்டில் ஒரு கூட்டம் மாணவர்கள் நின்றார்கள். மாஸ்டரை உயரமான கட்டிலில் உட்கார வைத்தார்கள். கட்டிலில் அப்போதுதான் விரித்த புது விரிப்பு. தன் கம்பெனித் துணி போலிருக்கிறதே என்று மாஸ்டர் ஓரத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"கையை நீட்டுங்க."

அக்காவை மனதில் நினைத்துக்கொண்டு நீட்டினார். பதற்றத்தில் பாடம் மறந்துபோய் தோளிலிருந்தே ஆட ஆரம்பித்துவிட்டது. கட்டிலும் சேர்ந்து ஆடியது. அறையின் ஓரத்தில் கட்டுத் துணி அடுக்கிக்கொண்டிருந்த நர்ஸம்மா ஓடிவந்து கட்டிலைப் பிடித்துக்கொண்டார்.

"எழுந்து நில்லுங்க."

"ஸ்ஸ்."

"நடங்க."

நடந்தார். பாதம் சுடுகிறது, முட்டி மடங்காது, கை நடுங்குகிறது. மூன்றையும் ஒரே நேரத்தில் செய்துகொண்டு அந்த அறையின் ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்குப் போய்ச் சேர்வதற்குள் மாஸ்டருக்கு நிஜமாகவே வேர்த்துவிட்டது.

பெரிய டாக்டர் பிரமித்து நின்றார்.

"பாத்தீங்களா?" என்றார் மாணவர்களிடம். "குளிருது, வேர்க்குது. தூங்கறார், தூங்கலை. எதிரும் புதிருமா ரெண்டு நோய் ஒரே உடம்புல குடித்தனம் பண்ணுது. இத்தனை வருஷத்துல இப்படி ஒரு கேஸை நான் பாத்ததே இல்லை."

"இந்த நோய்க்குப் பேர் என்ன சார்?" என்று ஒரு மாணவி கேட்டாள்.

"இன்னும் வைக்கலை," என்றார் பெரிய டாக்டர், கொஞ்சம் வெட்கத்தோடு. தன் பேரையே வைத்துவிடலாம் என்று அவர் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டது போலிருந்தது.

பிறகு மாஸ்டரிடம் அன்பாகத் திரும்பினார்.

"என்ன வேலை பாக்கறீங்க?"

"கட்டிங் மாஸ்டர் சார். கத்தி மிஷின்."

பெரிய டாக்டரின் முகம் மாறியது. "இந்தக் கையை வச்சுக்கிட்டா? மிஷின் பக்கமே இனி நீங்க போகக் கூடாது. விரல் போயிடும்யா. உங்க கம்பெனிக்கு நானே இப்ப போன் பண்ணிச் சொல்லிடறேன். நம்பரைச் சொல்லுங்க."

மாஸ்டர் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். கம்பெனியில் அவருக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். மிஷினை விட்டு இறங்கினால் வாசலுக்குத்தான் போகவேண்டும். உண்மையைச் சொன்னாலோ கார்டு போய்விடும். வேலை போனால் வீட்டில் நாலு பேருக்கும் சோறு இல்லை. கார்டு போனால் அவருடைய மாத்திரைக்கே வழி இல்லை. சும்மா கிடைக்கிறதே என்று ஒரு ஆயின்மென்டுக்கு ஆசைப்பட்டது இங்கே கொண்டுவந்து நிறுத்திவிட்டதே என்று அழுகை வந்தது.

"சார், நம்பர் சொல்லுங்க," என்று மாணவர் ஒருவர் போனை எடுத்துவிட்டார்.

மாஸ்டர் சுற்றுமுற்றும் பார்த்தார். நர்ஸம்மாவின் தட்டில் கட்டுத் துணி வெட்டுகிற கத்தரிக்கோல் இருந்தது. பாய்ந்து அதை எடுத்தார். மாணவர்கள் ஆளுக்கொரு பக்கம் சிதறினார்கள். மாஸ்டர் கட்டில் விரிப்பை உருவி, இரண்டாக மடித்து, கத்தரிக்கோலை மடிப்பில் வைத்து ஒரே போக்காகப் போனார். அளவுகோல் இல்லை, கோடு இல்லை. விரிப்பு சரிபாதியாக விழுந்தது.

"அய்யோ, என் விரிப்பு! புதுசு!" என்று நர்ஸம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்.

பெரிய டாக்டர் இரண்டு பாதியையும் தூக்கிச் சேர்த்துப் பார்த்தார். ஓரம் ஓரத்தோடு பொருந்தியது.

"நடுக்கம் எங்கய்யா போச்சு?"

"அது அக்காவுது சார்."

பெரிய டாக்டர் விரிப்பைக் கீழே வைத்தார்.

"முட்டி?"

"என் சம்சாரத்துது."

"பாதம் எரியுதுன்னீங்களே?"

"மச்சானுது. தாகமும் அவனுதுதான்."

"குளிரு? வேர்வை?"

"குளிரு சம்சாரம், வேர்வை அக்கா."

"அப்ப உங்களுதுன்னு என்னதான்யா இருக்கு?"

"கார்டு மட்டும்தான் சார் என்னுது."

ஒரு மாணவி சிரிப்பை அடக்க முடியாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பெரிய டாக்டருக்குச் சிரிப்பு வரவில்லை. தன் பேரில் வரவிருந்த ஒரே நோய் கண்ணெதிரே குணமாகிப் போன துக்கம் அவருக்கு. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு மாஸ்டர் பயந்த மாதிரி கத்தவில்லை, அதைவிட மோசமாக, மெதுவாகப் பேசினார்.

"மூணு பேருக்கு உடம்பு சரியில்லை. அந்த மூணு பேரையும் வீட்டுல உக்கார வச்சுட்டு, நல்லா இருக்கற உங்களை நாங்க குத்திக் குத்திப் பாத்துக்கிட்டு இருந்திருக்கோம். அவங்க வந்திருந்தா எப்பவோ கண்டுபிடிச்சிருக்கலாமே, யோசிச்சீங்களா?"

மாஸ்டர் யோசிக்கவில்லை. அக்காவின் விரல்கள் கண்முன் வந்தன. அவள் அன்று பாடம் எடுத்தபோது நடித்துக் காட்டவில்லை, அது நிஜம் என்பது இப்போதுதான் அவருக்கு உறைத்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"மூணு பேரையும் நாளைக்கு இங்க கூட்டிட்டு வாங்க," என்றார் பெரிய டாக்டர். "உங்களையும் ஒரு தடவை முழுசா பாக்கணும். ரத்தம் குடுத்துட்டுப் போங்க. அந்தக் கார்டை வச்சுக்கிட்டு என்ன செய்யறதுன்னு அப்பறம் பாக்கலாம்."

மறுநாள் மாஸ்டர் மூன்று பேரையும் கிளப்பிக்கொண்டு போனார். வழியெல்லாம் அக்கா ஆஸ்பத்திரிக்கு எதற்கு என்று முனகினாள். மனைவி முட்டியைப் பிடித்துக்கொண்டு படியேறி, ஒவ்வொரு படியிலும் அசல் 'ஸ்ஸ்' போட்டாள். மைத்துனன் வழியில் இருந்த குழாயையெல்லாம் விசாரித்தான். ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். ரத்தம் எடுத்தார்கள். சில நாள் கழித்து முடிவுக்காக எல்லோரும் மறுபடி வந்து வரிசையாக உட்கார்ந்தார்கள்.

பெரிய டாக்டர் கூப்பிட்டு விளக்கினார். மனைவிக்குத் தைராய்டு. கழுத்துச் சுரப்பி மந்தமாக வேலை செய்கிறது. அதனால்தான் குளிரும் தூக்கமும் முட்டி வலியும். அக்காவுக்கும் தைராய்டுதான், ஆனால் அது தலைதெறிக்க ஓடுகிறது. அதனால்தான் வேர்வையும் படபடப்பும் நடுக்கமும்.

"இதுலயும் எதிர்க்கட்சியா?" என்று மாஸ்டர் வாய்விட்டே கேட்டுவிட்டார்.

இத்தனை வருடமாக ஜன்னலைத் திறந்ததும் சாத்தியதும் பிடிவாதம் இல்லை, உடம்பு என்று தெரிந்ததும் அக்காவும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "உனக்கு நிஜமாவே குளிருச்சாடி?" என்றாள் அக்கா. "உங்களுக்கு நிஜமாவே புழுங்குச்சா அண்ணி?" என்றாள் மனைவி. மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மைத்துனனுக்குச் சர்க்கரை. நன்றாகவே ஏறியிருந்தது. அத்தான் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டதற்கு அத்தான் வியாதியும் சேர்ந்தே வந்துவிட்டது என்று அவன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டான்.

"பயப்படாதீங்க. நேரத்துக்கு மாத்திரை போட்டா மூணு பேரும் நல்லா இருப்பீங்க," என்றார் பெரிய டாக்டர். "மூணுமே நீண்ட நாள் நோய். அவங்கவங்க பேர்லயே கார்டு எழுதித் தர்றேன். இனிமே அவங்கவங்க வலியை அவங்கவங்களே வந்து சொல்லணும். புரியுதா?"

புரிந்தது என்று நாலு தலையும் ஆடியது.

வெளியே வந்ததும் மாஸ்டருக்கு மனசு லேசாகிவிட்டது. வேலை தப்பித்தது. மூன்று பேருக்கும் மருந்து கிடைத்தது. ஒரே வீட்டில் நாலு கார்டு! இனி யாருக்காகவும் பெஞ்சில் உட்கார்ந்து மனப்பாடம் செய்யவேண்டியதில்லை. நடைபாதையில் அவர் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தியே நடந்தார்.

"மாஸ்டர், நில்லுங்க!" நர்ஸம்மா பின்னாலேயே வேகமாக வந்தார். "உங்க ரத்த டெஸ்ட் முடிவைச் சொல்லாமயே விட்டுட்டாரு. உங்க கார்டை என்கிட்ட குடுக்கணுமாம்."

மாஸ்டர் சட்டைப் பையைக் கையால் மூடிக்கொண்டார். "பொய் சொன்னதுக்காகப் பிடுங்கறீங்களா நர்ஸம்மா? இனிமே சத்தியமா சொல்ல மாட்டேன்."

"அதுக்காக இல்லைங்க. உங்களுக்குச் சர்க்கரை சுத்தமா இறங்கிடுச்சு. இவ்வளவு அழகா இறங்கி நான் பாத்ததே இல்லை. என்ன செஞ்சீங்க?"

"நான் ஒண்ணும் செய்யலையே. இனிப்பை மச்சான் சாப்பிட்டான். இவங்களுக்கு மருந்து வாங்க நான் நடந்தேன். அவ்வளவுதான்."

"அதேதான் வைத்தியம். இன்னையோட மாத்திரையை நிறுத்தச் சொல்லிட்டாரு, சாப்பாட்டுல மட்டும் கவனமா இருந்தா போதும். மாத்திரை போடாதவங்களுக்குக் கார்டு கிடையாது."

மாஸ்டர் சட்டைப் பையிலிருந்து கார்டை எடுத்தார். அதைக் கொடுக்கும்போது இந்தத் தடவை கை விரல் நுனியில், அக்கா சொல்லிக்கொடுத்தபடியே நடுங்கியது.

"அப்ப எனக்கு ஒரு தலைவலி, காய்ச்சல்னு வந்தா மருந்துக்கு நான் என்னங்க செய்யறது?"

நர்ஸம்மா பெரிய டாக்டரின் கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"வீட்டுல மூணு பேர் கார்டு வச்சிருக்காங்களே மாஸ்டர். அவங்கள்ல யாருக்காவது தலை வலிக்குதுன்னு வந்து சொல்லச் சொல்லுங்க."